உட்கார்ந்த காலின் குருதியோட்டம்: ஓர் ஆய்வு வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் மண். விதைப்புக்குக் காய் உடைக்கும் பெண்கள் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க வெகுநேரமாகும். இதே மாவட்டத்து ஆரணியில் பட்டு நெசவாளர் குழித்தறியில் அமர்கிறார். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் பேருந்தில் பயணிகள் மணிக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறார்கள். மூன்றையும் உட்காருவது என்றே சொல்கிறோம். காலின் குருதிக் குழாய்க்கு மூன்றும் ஒன்றல்ல என்பதே என் வாதம். அந்த வேறுபாட்டைக் காணும் கருவிகள் மருத்துவத்துக்கு மிகத் தாமதமாகவே கிடைத்தன.

தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி, உட்கார்ந்தே உழைக்கும் தையற்காரரையும் செருப்புத் தைப்பவரையும் கவனித்தார். விடுமுறை நாளிலாவது உடலை அசைக்கச் சொன்னார். நின்றே உழைப்பவர் காலில் சிரைகள் புடைப்பதையும் எழுதிவைத்தார். கடைப் பணியாளருக்கு இருக்கை உரிமை தர 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியதை நினைத்தால், அவர் கண்ட இரண்டாவது துன்பமும் இன்னும் தீரவில்லை என்று தெரிகிறது.

அடுத்த பெரிய சான்று போரிலிருந்து வந்தது. 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவைக் கழித்தவர்கள் சிலர், நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்து இறந்ததை மருத்துவர் கீத் சிம்சன் பதிவுசெய்தார். விமானம், கார், நாடக அரங்கு என எங்கு நெடுநேரம் அமர்ந்தாலும் கால் சிரையில் குருதி உறையலாம் என்று 1954இல் மருத்துவர் ஜான் ஹோமன்ஸ் எழுதினார். இதற்கிடையே 1953இல் ஆய்வாளர் ஜெரி மாரிஸ், லண்டன் பேருந்துகளில் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநரைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துநருக்கு இதயநோய் குறைவு என்று காட்டினார். ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்தார்களா என்ற ஐயத்தை, 1956இல் சீருடை அளவுகளைக் கொண்டு அவரே எழுப்பினார். தன் முடிவைத் தானே சோதித்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதுவரை பேச்செல்லாம் சிரையையும் இதயத்தையும் பற்றியே. கால் தமனி கவனத்துக்கு வர, குழாயின் உட்சுவர்ப் படலம் உயிர்ப்புள்ள உறுப்பு என்று தெரியவேண்டியிருந்தது. 1980இல் ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட் அதைக் காட்டினார். குருதி உரசிச் செல்லும்போது அந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது, குழாய் விரிகிறது. இந்த ஆராய்ச்சிக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டை கட்டிச் சற்றுநேரம் குருதியை நிறுத்தி, அவிழ்த்ததும் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டால் அளக்கும் முறையை 1992இல் செலர்மேயர் குழு வெளியிட்டது.

அந்த அளவுகோல்தான் உட்காருவதன் விளைவைக் கண்ணுக்குக் காட்டியது. 2015இல் வெளியான தோசார் குழுவின் ஆய்வில், 3 மணி நேரம் அசையாமல் அமர்ந்தவர்களின் தொடைத் தமனி விரியும் திறன் குறைந்தது. மணிக்கொருமுறை 5 நிமிடம் மெல்ல நடந்தபோது குறையவில்லை. அதே ஆண்டு மிசௌரி பல்கலைக்கழகத்தார் 6 மணி நேரம் அமரவைத்துப் பார்த்தார்கள்: முழங்கால் பின்புறத் தமனி விரியும் திறன் குறைந்தது, கைத் தமனியில் குறையவில்லை, 10 நிமிட நடையில் கால் மீண்டது. 2016இல் ஒரு காலை மட்டும் 1 நிமிடம் ஆட்டி 4 நிமிடம் ஓய்வளிக்கச் சொன்னார்கள். ஆட்டிய காலின் தமனி கெடவில்லை. திண்ணையில் காலாட்டும் பிள்ளையை அதட்டும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்.

2017இல் வெளியான மற்றோர் ஆய்வு என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. படுத்தநிலையில் ஒரு காலை மட்டும் 3 மணி நேரம் மடக்கி வைத்தபோது, மடங்கிய காலின் தமனியில் மட்டுமே விரியும் திறன் குறைந்தது. மடக்கு குருதியோட்டத்தைத் தடுக்கிறது, உரசல் குறைகிறது, படலம் சோர்கிறது.

இதைக்கொண்டு பார்த்தால், குழித்தறி நெசவாளரின் கால் குழிக்குள் தொங்கி மிதியை மிதித்துக்கொண்டே இருக்கிறது. கெண்டைக்கால் தசை வேலை செய்கிறது. மல்லாட்டை உடைப்பவரின் காலோ மடங்கியும் அசையாமலும் இருக்கிறது. பேருந்துப் பயணி இரண்டுக்கும் இடையில். மேற்சொன்ன அமர்வு ஆய்வுகள் நாற்காலியில் அமர்ந்தவர்களிடம் நடந்தவை. ஒரே அமர்வில் ஏற்படும் குறைவை அளந்தவையே தவிர, ஆண்டுக்கணக்கான விளைவை அல்ல. தரையில் அமர்ந்து உழைக்கும் காலை அளக்க ஓர் அல்ட்ராசவுண்ட் கருவியும் ஒரு பட்டையும் போதும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கீழ்பென்னாத்தூர்க் களத்துமேட்டிலும் ஆரணித் தறிகளிலும் இதைத் தொடங்கலாம்.