மருந்துச் சீட்டில் லத்தீன்

மருந்துச் சீட்டின் தலையில் டாக்டர் போடும் ‘ஆர்எக்ஸ்’ குறி, ‘எடுத்துக்கொள்’ எனப் பொருள்படும் ‘ரெசிபே’ என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். (சமையல் ரெசிபியும் இதுதான்.) நோயாளிக்குச் சொன்னதல்ல, இன்ன சரக்கை இவ்வளவு எடுத்துக் கலந்து கொடு என்று மருந்து கலக்குபவருக்கு இட்ட கட்டளை. கம்பவுண்டர் என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

கலவை போய் அட்டை மாத்திரை வந்தும் லத்தீன் போகவில்லை. ‘பிடி’ என்றால் இருவேளை, ‘டிடிஎஸ்’ மூன்று வேளை, ‘ஹெச்எஸ்’ படுக்கும்போது. வம்பு ‘எஸ்ஓஎஸ்’ஸில்தான். ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்பது பொருள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ‘அவசரம்’ என்று எடுத்துக்கொண்டு, வலி மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கிவந்தார்!

இப்போது பலர் காலை, மதியம், இரவு என 1-0-1 போடுகிறார்கள். எவ்வளவோ மேல்.