கார்புரேட்டரை இறக்கிய காலம்

1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. அன்று நம் நாட்டு ஜீப்புகள் பெரும்பாலும் பெட்ரோலில்தான் ஓடின. 1973-இல் வந்த எண்ணெய் நெருக்கடி பெட்ரோல் விலையை ஏற்றி அந்தக் கணக்கைக் குலைத்துப் போட்டது.

அதற்கு வழி பட்டறைகளில் பிறந்தது. பெட்ரோல் எஞ்சினை இறக்கி, டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். டீசல் எஞ்சினின் அடிப்படை இன்ஜெக்‌ஷன்தான்: பம்ப் உயர் அழுத்தத்தில் டீசலை நாசிலுக்குத் தள்ளும், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். கார்புரேட்டரும் வேண்டாம், ஸ்பார்க் பிளக்கும் வேண்டாம்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-இல் அந்தப் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1951-இல் தொடங்கி பெங்களூரில் இயங்கிய மைக்கோ நிறுவனம் அதை இந்தியாவிலேயே செய்தது. பெங்களூர்–சேலம் சாலையில் இருக்கும் தருமபுரிக்கு அது பக்கத்து ஊர்ச் சரக்கு. பின்னர் 1979-இல் ஜீப் தயாரித்த மகிந்திராவே, பிரான்சின் பெஜோவிடம் டீசல் எஞ்சின் உரிமம் பெற்றது.

எஞ்சினை மாற்றுவது வெறும் போல்ட் வேலையல்ல. மவுண்டிங், கியர்பாக்ஸ் இணைப்பு, ரிட்டர்ன் லைன் எல்லாமே புதிதாக அமைய வேண்டும். டீசல் லைனில் காற்று நின்றால் வண்டி கிளம்பாது. பக்குவமாக ‘ஏர் எடுக்க’த் தெரிந்த மெக்கானிக்தான் உண்மையான கைவினைஞர்.

டி.என். 29 என்ற தருமபுரிப் பதிவுப் பலகையோடு பழைய பிக்கப் வைத்திருப்பவர்களே, எஞ்சினை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள்; 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது.