மலைச்சரிவும் வானத்தின் படமும்

சிற்றலை வரிசையில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பும்போது, இரு நிலையங்களுக்கு இடையே ஓயாத இரைச்சலொன்று எழுவதைத் திம்புள்ளை மலைத்தோட்டங்களின் நேயர்கள் கேட்டிருப்பர். அதில் ஒரு பகுதி பூமிக்குரியதன்று, பால்வீதியிலிருந்து வருவது.

இதனை முதலில் உணர்ந்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் கார்ல் ஜான்ஸ்கி. கடல் கடந்த தொலைபேசிக்கு இடையூறான ஒலிகளை ஆராய்ந்த அவர், இடி மின்னலின் ஓசையை ஒதுக்கிய பின்னும் மெல்லிய சீற்றமொன்று எஞ்சுவதைக் கண்டார். அது நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி வந்தது. விண்மீன்களும் அவ்வாறே முந்தி உதிப்பன. ஆதலின் அதன் பிறப்பிடம் ஞாயிறன்று, பால்வீதியே என 1933 இல் அறிவித்தார்.

பின்னர் குரோட் ரீபர் என்பவர் 1937 இல் தம் வீட்டுத் தோட்டத்திலேயே பெரிய உலோகக் கிண்ணமொன்றை நிறுவி, இரவிரவாக வானை அளந்தார். 1944 இல் அவர் வெளியிட்ட படம், மலைநாட்டு நிலப்படத்தைப் போன்றே சமவுயரக் கோடுகளால் அமைந்தது. ஆயின் அக்கோடுகள் குறித்தவை மலைகளின் உயரத்தையன்று. வானொலி அலைகளின் வலிமையை. தனு இராசியின் திசையில், பால்வீதியின் நடுவிடம் சிகரமாய் நின்றது.

அலைகள் நீண்டவையாதலின் அத்தகைய படங்கள் தெளிவற்றிருந்தன. தெளிவுபெற மிகப் பெரிய கருவி வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டும். பொருள் குறைந்த இந்தியாவுக்கு நீலகிரியின் மலைச்சரிவு ஒன்று கைகொடுத்தது.

உதகமண்டலத்தின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. வடக்கு நோக்கி அதே 11 பாகை உயர்ந்து செல்லும் சரிவொன்றை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கோவிந்த் சுவரூப்பும் அவர்தம் குழுவினரும் தேர்ந்தனர். அதன்மேல் 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமுமுடைய தொலைகாட்டியை 1970 இல் அமைத்து முடித்தனர். சரிவின்மேல் கிடந்தமையால் அது பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. தன் நீளவச்சில் மெல்லச் சுழன்றாலே போதும். ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம்.

திங்களும் துணை செய்தது. தொலைவிலுள்ள பொருளொன்றைத் திங்கள் மறைக்கும் கணத்தைக் குறித்து, அதன் இடத்தையும் அளவையும் நுட்பமாய்க் கணித்தனர். இவ்வாறு ஆராயப்பட்டவை நூற்றுக்கணக்கானவை. பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று, காலந்தோறும் மாறிவருவது என்னும் கொள்கைக்கு அவ்வளவைகள் வலுவூட்டின.

நீலகிரியும் தேயிலை விளையும் மலையே. திம்புள்ளையில் இத்தகைய கருவிக்கு, வடக்கு நோக்கி ஏறத்தாழ 7 பாகை உயரும் சரிவு வேண்டும். கொழுந்து பறிப்போர் நாள்தோறும் ஏறியிறங்கும் நிலத்தின் சாய்வில், பூமியின் அச்சைக் காட்டும் கணக்கொன்று மறைந்துகிடத்தல் கூடும்.