வாயிற்கதவும் வாரிசும்: வட உகாண்டாவின் லச்சோர் மருத்துவமனை நிர்வாகம் குறித்து

போர் நடக்கும் நிலத்தில் இயங்கும் தொண்டு மருத்துவமனைகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் அடியார் வரலாறாகவே அமைந்துவிடுகிறது. தொலைதேசத்திலிருந்து ஒரு மருத்துவர் வருகிறார், வசதிகளைத் துறக்கிறார், வெடிச்சத்தத்துக்கு நடுவே அறுவை செய்கிறார், அந்த மண்ணிலேயே அடங்குகிறார். வட உகாண்டாவின் குலு நகருக்கு மேற்கே சுமார் ஆறு கிலோமீட்டரில் உள்ள லச்சோர் புனித மரியாள் மருத்துவமனைக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. அங்கே பணியாற்றிய கனடிய அறுவை மருத்துவர் லூசீல் டீஸ்டேல் பற்றி நூலும் திரைப்படமும் வந்துள்ளன. அவற்றில் சொல்லப்பட்ட தியாகம் உண்மையானது. ஆனால் அந்த வரலாறு ஒரு கேள்வியைத் தொடாமலே போகிறது. லூசீல் 1996இல் இறந்தார். அவரும் கணவரும் வாரிசாக வளர்த்த மத்தேயு லுக்வியா 2000இல் இறந்தார். கணவர் பியரோ கோர்ட்டி 2003இல் இறந்தார். ஏழாண்டுக்குள் தலைமை முழுவதும் மறைந்தது, அதுவும் போர் மிகக் கொடுமையாக இருந்த ஆண்டுகளில். அப்படியிருந்தும் மருத்துவமனை மூடப்படவில்லை. எதனால்?

தலைவர்களின் துணிவு இதற்கு முழு விடையாகாது, ஏனெனில் துணிந்தவர்கள்தாம் இறந்துபோனார்களே. நான் இங்கே வாதிட விரும்புவது இது: லச்சோரைக் காத்தவை, அதை நடத்தியவர்கள் திரும்பத் திரும்ப எடுக்க நேர்ந்த இருவகை முடிவுகள். வாயிற்கதவை யாருக்குத் திறப்பது என்பது ஒன்று. பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பது மற்றொன்று. இரண்டாவது சரியாக அமைந்ததால்தான் முதலாவதைத் தாங்க முடிந்தது.

1959இல் கொம்போனி மறைப்பணியாளர்களால் குலு மறைமாவட்டத்துக்காகத் தொடங்கப்பட்டபோது லச்சோர் சுமார் முப்பது படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனை. பெரும்பாலும் மகப்பேறுதான் அங்கே நடந்தது. 1961இல் இத்தாலியக் குழந்தை மருத்துவரான பியரோ கோர்ட்டி அங்கு வந்தார். மாண்ட்ரியலில் தமக்கு அறிமுகமான லூசீலை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கி வைக்க அழைத்தார். இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாக வந்த லூசீல் அதே ஆண்டு டிசம்பரில் கோர்ட்டியை மணந்து அங்கேயே தங்கினார். மறு ஆண்டு அக்டோபரில் உகாண்டா விடுதலை பெற்றது. அதன்பின் நடந்தவை தெரிந்தவைதான். 1971இல் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார், 1972இல் ஆசியர்களை வெளியேற்றினார், 1979இல் வீழ்ந்தார். அமீனால் கவிழ்க்கப்பட்ட ஒபோட்டே மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 1985இல் ஒரு கவிழ்ப்பு, 1986 ஜனவரியில் முசெவெனி. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தோற்றோடிய படையோ வென்று வந்த படையோ குலு வழியாகச் சென்றது. அரசு மருத்துவமனைகளில் மருந்தும் சம்பளமும் வற்றின, மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். லச்சோரில் அறுவை அரங்கு ஓயவில்லை. அங்கே லூசீல் செய்த அறுவைகள் 13,000க்கு மேல் என்பர். அவற்றுள் ஏதோ ஒன்றில், படைவீரர் ஒருவரின் உடைந்த எலும்பு கையுறையைக் கிழித்த ஒரு நொடியில், எச்.ஐ.வி. அவருக்குத் தொற்றியிருக்க வேண்டும். 1985இல் அது உறுதியானது. அதற்குப் பிறகும் அவர் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்து, உடல் இடங்கொடுத்தவரை பணியைத் தொடர்ந்தார்.

வழக்கமான வரலாறு இங்கே நின்று கண்ணீர் சிந்தும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கோர்ட்டி தம்பதியர் ஓசையின்றிச் செய்த வேறொரு வேலை. செவிலியர் பள்ளி நடத்தினார்கள். உகாண்டாவின் மருத்துவக் கல்லூரிகளில் படித்து வரும் இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி இடமாக மருத்துவமனையை ஆக்கினார்கள். அப்படி 1983இல் வந்தவர்தான் கிட்கும் பகுதியைச் சேர்ந்த அச்சோலி இனத்து இளைஞர் மத்தேயு லுக்வியா. அவர் கத்தோலிக்கரும் அல்லர், சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். மறைமாவட்டத்துக்குச் சொந்தமான மருத்துவமனையில் அது தடையாகவில்லை. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, குழந்தை மருத்துவத்தில் முதல் மாணவராகத் தேறினார். வெளிநாட்டில் தங்கிவிடும் வாய்ப்பு இருந்தும் திரும்பி வந்து மருத்துவக் கண்காணிப்பாளரானார். பணத்துக்கான ஏற்பாடும் இதே போக்கில்தான் நடந்தது. 1993இல் இத்தாலியிலும், 1995இல் கனடாவிலும் அறக்கட்டளைகள் அமைந்தன. நன்கொடை ஒரு தம்பதியின் முகத்தைப் பார்த்து வருவதாக மட்டும் இருந்தால் அவர்களோடு அதுவும் முடியும் என்பதைக் கோர்ட்டி உணர்ந்திருந்தார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இனி வாயிற்கதவு. போர்ப்பகுதியில் மருந்தும், பணமும், வானொலிக் கருவியும், வாகனமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கும் இடம் மருத்துவமனைதான். ஜோசப் கோனியின் தலைமையில் 1987 முதல் வளர்ந்து, பின்னாளில் இறைவனின் எதிர்ப்புப் படை என்று பெயர் பெற்ற கிளர்ச்சிக் குழு லச்சோருக்குள் பலமுறை புகுந்து கொள்ளையடித்தது. 1989இல் கன்னியரைப் பிடித்துச் செல்ல வந்தவர்களிடம், அவர்களுக்குப் பதில் என்னைக் கொண்டுபோங்கள் என்று லுக்வியா தம்மையே ஒப்புக்கொடுத்தார். ஒரு வாரம் காட்டில் அவர்களது காயங்களுக்கு மருந்திட்டபின் விடுவிக்கப்பட்டார். இந்நிகழ்ச்சியை வீரச்செயலாக மட்டும் பார்ப்பது போதாது. காயம்பட்டவர் எந்தப் பக்கம் என்று கேட்காமல் சிகிச்சை தரும் மருத்துவமனையை இரு பக்கமும் ஐயத்தோடுதான் பார்க்கும். நடுநிலை என்பது சுவரில் எழுதி வைத்துவிட்டால் நிலைபெறும் ஒன்றல்ல. கதவைத் தட்டும் ஒவ்வொரு ஆயுதக் குழுவோடும் யாரோ ஒருவர் போய்ப் பேசித்தான் அது நிலைக்கிறது. அந்தப் பேச்சை அச்சோலி மொழியிலேயே பேசக்கூடியவர் தலைமையில் இருந்தது லச்சோருக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு.

கதவு பற்றிய கடினமான முடிவு வேறொன்று. கிளர்ச்சியாளர் இரவில் கிராமங்களில் புகுந்து சிறுவர் சிறுமியரைக் கடத்தியதால், இருட்டும் முன்பே மக்கள் நகரத்தை நோக்கி நடந்தனர். லச்சோர் தன் வளாகத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டது. சில காலங்களில் ஓர் இரவுக்கு 10,000 பேர் வரை அங்கே படுத்தெழுந்தனர். மருத்துவ நிர்வாகத்தின் கண்ணால் பார்த்தால் இது சாதாரண முடிவல்ல. சில நூறு நோயாளிகளுக்கென அமைந்த தண்ணீரும் கழிப்பிடமும் ஒரு சிற்றூரையே தாங்க வேண்டும். அம்மையோ கழிச்சலோ வளாகத்துக்குள் நுழைந்தால் வார்டுகள் தப்பாது. கூட்டத்தோடு ஆயுதம் உள்ளே வரலாம். இவ்வளவும் தெரிந்தே கதவு திறந்தது. மருத்துவமனையின் வேலை நோய்க்கு மருந்து கொடுப்பது மட்டுமே என்று வரையறுப்பவர்கள் இதைத் தவறென்று சொல்லலாம். அந்த வரையறை அமைதிக் காலத்துக்கு உரியது என்பது என் கருத்து.

2000 அக்டோபரில் இருவகை முடிவுகளும் ஒன்றாகச் சோதனைக்கு வந்தன. அப்போது லுக்வியா பொதுச் சுகாதாரம் படிக்கத் தலைநகர் கம்பாலாவில் இருந்தார். செவிலியர் மாணவர்கள் விளங்காத காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்ததும் லச்சோரிலிருந்து அவருக்கு அழைப்பு போனது. வந்த இரவே இறந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, இது இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று முடிவுக்கு வந்தார். மறுநாள் காலையே, அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிக் காத்திராமல், சுகாதார அமைச்சகத்துக்குத் தகவல் சொன்னார். தென்னாப்பிரிக்க ஆய்வகம் எபோலா என்று உறுதிசெய்ய மேலும் ஒரு வாரம் ஆனது. அதற்குள் லச்சோரில் தனிமை வார்டு இயங்கத் தொடங்கியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்கென வெளியிட்டிருந்த கையேட்டை வைத்துக்கொண்டு, கையிலிருந்த பொருள்களைக் கொண்டே அதை அமைத்தார்கள். அந்த ஒரு வாரம் எத்தனை உயிர்களைக் காத்தது என்று கணக்கிட முடியாது. ஆனால் தலைநகரின் உத்தரவுக்குக் காத்திருந்தால் அந்த வாரம் கிடைத்திராது.

அதே சமயம், தொற்றை அடக்கிய பெருமை முழுவதையும் மருத்துவமனைக்கே கொடுப்பதும் பிழை. மானிடவியலாளர் பாரி ஹியூலெட் அந்நாட்களில் குலுவில் ஆய்ந்தவர். திடீரெனப் பரவும் கொள்ளைநோயை அச்சோலி மக்கள் 'கேமோ' என்கிறார்கள். கேமோ வந்தால் நோயாளியைத் தனிக்குடிலில் வைக்க வேண்டும், பிழைத்தெழுந்தவரே அவருக்கு உணவும் நீரும் கொடுக்க வேண்டும், நடனம் முதலிய கூட்டங்களை நிறுத்த வேண்டும் என்ற ஊர்க்கட்டு முன்னோர் காலம் முதல் அங்கே இருந்ததை அவர் பதிவு செய்துள்ளார். அந்த ஊர்க்கட்டுக்கும் மருத்துவமனைக் கையேட்டுக்கும் உள்ள ஒற்றுமை எண்ணிப் பார்க்கத் தக்கது. அம்மண்ணைச் சேர்ந்த செவிலியரும் மருத்துவரும் இரண்டுக்கும் நடுவே நின்றவர்கள். வெள்ளைக் கவச உடைக்குள் இருந்தவரின் குரல் நோயாளிக்குப் பழக்கமான குரலாக இருந்தது.

நவம்பர் இறுதியில் நிலைமை முற்றியது. ஊழியர்கள் அடுத்தடுத்து இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் செவிலியர் பள்ளி மண்டபத்தில் கூடி மருத்துவமனையை மூடச் சொன்னார்கள். லுக்வியா மணிக்கணக்கில் அவர்களோடு பேசினார். மூடினால் தாம் குலுவைவிட்டே போய்விடுவதாகச் சொன்னார் என்று உடனிருந்தோர் நினைவுகூர்ந்துள்ளனர். ஊழியர்கள் பணிக்குத் திரும்பினர். இங்கே ஆய்வாளர் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். உயிரைக் கொடுத்து வேலை செய் என்று சொல்ல ஒரு நிர்வாகிக்கு என்ன உரிமை? மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு செவிலியர், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருபவர், இப்படியொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. லுக்வியா தனிமை வார்டுக்கு முதலில் மூத்த செவிலியரில் விருப்பமுள்ளவர்களையே கேட்டார், தாமும் உள்ளே சென்றார், இரவுகளிலும் போனார் என்பவை அவர் பக்கத்து நியாயங்கள். அவை கனமானவை. ஆயினும் தலைவர் தாமே ஆபத்தில் இறங்கிவிட்டார் என்பதனால் ஊழியரின் அச்சம் பொருளற்றதாகிவிடாது. அந்த மண்டபத்தில் எழுந்து நின்று மூடச் சொன்னவர்களைக் கோழைகளாகக் காட்டும் எழுத்தை நான் ஏற்கவில்லை. அவர்களும் அன்றுவரை வார்டில் நின்றவர்களே.

நவம்பரில் ஓர் இரவு, இரத்தம் கக்கிக்கொண்டிருந்த சக ஊழியர் ஒருவரைக் காக்க லுக்வியா விரைந்தபோது கண்ணை மறைக்கும் கவசத்தை அணியவில்லை. தொற்று அப்போதுதான் நேர்ந்தது என்பது உடனிருந்தோர் கருத்து. டிசம்பர் 5 அதிகாலையில் அவர் இறந்தார், வயது 43. அன்றே லூசீலின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். லச்சோர் ஊழியரில் இந்நோய்க்குப் பலியானவர் அவரோடு 13 பேர். உகாண்டா முழுவதும் 425 பேருக்குத் தொற்றி 224 பேர் இறந்தனர். ஆம்புலன்ஸ் ஓட்டியும் பிணங்களை அடக்கம் செய்தும் அந்த மாதங்களைக் கடந்த அருட்சகோதரர் எலியோ குரோச்சே தொழில்நுட்பப் பிரிவின் தலைவர். கட்டடமும் தண்ணீரும் மின்சாரமும் அவர் பொறுப்பு. 2020இல் கோவிட் நோயில் இறந்தார். மருத்துவமனை வரலாறுகளில் இத்தகையோருக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பது அரிது. மின்னாக்கி நின்றுபோன இரவில் அறுவை அரங்கில் யாருடைய கைத்திறனும் பயன்படாது.

லச்சோர் போன்ற நிறுவனங்கள் மீது வைக்கத்தக்க கடுமையான விமர்சனம் வட உகாண்டாப் போரை ஆய்ந்த கிறிஸ் டோலன் எழுதியது. 1996 முதல் அரசு மக்களைப் 'பாதுகாக்கப்பட்ட கிராமங்கள்' என்ற முகாம்களில் அடைத்தது. 2005இல் சுகாதார அமைச்சகமும் உலகச் சுகாதார நிறுவனமும் நடத்திய கணக்கெடுப்பின்படி அச்சோலிப் பகுதியில் வாரத்துக்கு ஏறத்தாழ 1,000 பேர் வழக்கத்துக்கு மேல் இறந்துகொண்டிருந்தனர். வெட்டுக்கும் குண்டுக்கும் பலியானவர்களைவிட மலேரியாவுக்கும் எய்ட்ஸுக்கும் பலியானவர்கள் மிகுதி. இம்முகாம்களை ஒரு சமூகத்தையே வதைக்கும் ஏற்பாடு என்று கண்ட டோலன், அவற்றுக்கு உணவும் மருந்தும் கொடுத்த தொண்டு நிறுவனங்களையும் அவ்வேற்பாட்டின் உடந்தையாளர்களாக எண்ணினார். லச்சோருக்கு இது பொருந்துமா? ஓரளவு பொருந்தும். அரசு செய்யாததை அது செய்ததால் அரசுக்குச் சுமை குறைந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் டோலனின் வாதம் போரோடு வந்து போரோடு போன நிறுவனங்களைப் பார்த்து எழுந்தது. லச்சோர் போருக்கு முன்பே அங்கே இருந்தது. அதன் ஊழியர்கள் முகாம் மக்களின் உறவினர்கள், பலர் தாமே இடம்பெயர்ந்தவர்கள். அதன் உரிமையாளரான குலு பேராயத்தின் அன்றைய பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமா, 2003இல் இரவில் நகரத்துக்கு நடந்து வந்த சிறுவர்களோடு தெருவில் படுத்து அரசின் மௌனத்தைக் கண்டித்தவர். உடந்தை என்ற சொல் இவர்களிடம் பொருளிழக்கிறது.

2006இல் அரசுக்கும் கிளர்ச்சியாளருக்கும் இடையே ஜூபா பேச்சுவார்த்தை தொடங்கியபின் தாக்குதல்கள் ஓய்ந்தன, முகாம்கள் கலைந்தன, அவசர உதவி அமைப்புகள் விடைபெற்றன. லச்சோரில் ஓசையில்லாத வேறு நெருக்கடி அப்போதுதான் தொடங்கியது என்று சொல்லத் தோன்றும், ஏனெனில் போர் பற்றிய செய்தி நின்றதும் நன்கொடையாளரின் கவனமும் நகர்ந்தது. நோயாளிகள் நகரவில்லை. ஏறத்தாழ 480 படுக்கைகளும், அமுரு, ஒபிட், பாபோ ஆகிய ஊர்களில் மூன்று துணை நலநிலையங்களும் கொண்ட நிறுவனம் அது. மலேரியாக் குழந்தைகள், தீப்புண்கள், குழந்தைகளைத் தாக்கும் புர்க்கிட் புற்றுநோய் என வார்டுகள் நிறைந்தே இருந்தன. நோயாளி தரும் கட்டணம் செலவில் சிறு பகுதியைத்தான் ஈடுசெய்கிறது. அதை உயர்த்தினால் வர வேண்டியவர்கள் வரமாட்டார்கள். உயர்த்தாவிட்டால் ஊழியர் சம்பளம் தாழ்ந்து, பயிற்சி பெற்ற செவிலியர்கள் அரசுப் பணிக்கோ நகரத்துக்கோ போவார்கள். இந்த இழுபறியை இன்று உகாண்டா மருத்துவர்களே கையாளுகிறார்கள். 2004இல் தொடங்கிய குலு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கு லச்சோர் பயிற்சி மருத்துவமனையாக இருப்பதால், அடுத்த தலைமுறை அதே வார்டுகளில் உருவாகிறது.

இத்தகைய மருத்துவமனைகளை ஆராய முன்வருவோர் நிறுவனர்களின் கடிதங்களோடு நிற்காமல் சம்பளப் பட்டியல், மருந்துக் கிடங்கின் இருப்பேடு, செவிலியர் பள்ளியின் சேர்க்கைப் பதிவு, நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பு ஆகியவற்றைத் தேடிப் படிக்க வேண்டும். 2000 நவம்பரில் அந்த மண்டபத்தில் எழுந்து பேசிய செவிலியரில் இன்னும் உயிரோடிருப்போரின் வாய்மொழியையும் அவர்கள் மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு இப்போது வயதாகிக்கொண்டிருக்கிறது.