பாரிசு நகர் ‘ஸ்டுடியோ 28’: ஒரு கலைப்பட அரங்கின் வரலாறு

திரைப்பட வரலாறு எழுதுவோர் இயக்குநரையும் படத்தையுமே பெரிதும் ஆராய்வர். படம் மக்கள்முன் தோன்ற இடந்தந்த அரங்கினை ஆராய்வோர் சிலரே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையோ ஆடன் மகளைக் கூறுவதோடு அமையாது, அரங்கின் அளவையும் அமைதியையும் விரித்துரைக்கின்றது. அம்மரபில் வந்த நாம், பாரிசு மாநகரில் மோமார்த்துக் குன்றின்கண் அமைந்த ‘ஸ்டுடியோ 28’ என்னும் சிற்றரங்கின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

இவ்வரங்கு 1928-ஆம் ஆண்டில் ழான் மொக்ளேர் என்பவரால் தொடங்கப்பெற்றது. பெயரிலுள்ள எண் அவ்வாண்டினையே சுட்டுவதாகும். வணிக நோக்குடைய பேரரங்குகள் ஏற்கத் தயங்கிய புதுமுயற்சிகளுக்கு இடமளிப்பதே இதன் குறிக்கோள். அபெல் கான்சு என்னும் இயக்குநர் மூன்று திரைகளில் ஒருங்கே காட்டுமாறு அமைத்த குறும்படங்கள் தொடக்கக் காலத்திலேயே இங்குக் காட்டப்பெற்றன.

புதியதைப் போற்றிய மொக்ளேர் பழையதையும் மறந்தாரல்லர். திரைப்படக் கலையின் முன்னோடியாகிய ஜார்ஜ் மெலியெசு, முதுமையில் மோன்பார்னாசு புகைவண்டி நிலையத்தில் விளையாட்டுப் பொருள் விற்று வாழ்ந்து வந்தார். கிடைத்தற்கரியனவாகிவிட்ட அவருடைய படச்சுருள்கள் சிலவற்றை மொக்ளேர் தேடிக் கண்டெடுத்தார். அவை 1929 டிசம்பரில் பாரிசின் பிளெயல் மண்டபத்தில் நடந்த சிறப்பு விழாவில் காட்டப்பெற்றன. மெலியெசும் அங்கே சிறப்பிக்கப்பெற்றார்.

அரங்கின் உறுதி சோதனைக்குள்ளானது 1930-இல் ஆகும். லூயி புனுவல் இயக்கிய, ‘பொற்காலம்’ எனப் பொருள்படும் ‘லாஜ் தோர்’ படம் அவ்வாண்டு நவம்பர் இறுதி முதல் இங்குக் காட்டப்பெற்றது. சமயத்தையும் உயர்குடியினரையும் எள்ளும் அப்படத்தினை வெறுத்த வலதுசாரிக் குழுவினர், டிசம்பர் 3-ஆம் நாள் அரங்கினுட் புகுந்து திரைமேல் மையை வீசினர்; முன்கூடத்தில் வைத்திருந்த சால்வடார் டாலி முதலியோரின் ஓவியங்களையும் சிதைத்தனர். சில நாட்களில் அரசு படத்திற்குத் தடை விதித்தது. அந்நாளில் புனுவல் அமெரிக்காவில் இருந்தார். ஆகவே, கலைஞன் படைத்ததன் விளைவை நேர்நின்று தாங்கியது அரங்கே என்பது தெளிவு.

பாரிசில் அப்படம் மீண்டும் பொதுமக்கள்முன் காட்டப்பெற்றது 1981-இல் தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அரங்கு கைமாறிற்று, ஆயினும் அழியவில்லை. ழான் காக்தோ வரைந்தளித்த வடிவில் அமைந்த விளக்குகள் இன்றும் அதனை அணிசெய்கின்றன.

இவற்றால், கலைப்பட அரங்கு என்பது படம் காட்டும் இடமாக மட்டும் அமையவில்லை என அறிகிறோம். வழக்கொழிந்ததை மீட்டலும், வழக்கில் வாராததற்கு இடந்தந்து அதன் இழப்பில் பங்கேற்றலும் அதன் கடன்களாகும். ஆதலின், படைப்பாளர் வரலாற்றோடு அரங்குகளின் வரலாறும் சேர்த்து எழுதப்பெறுதல் வேண்டும்.