பம்ப்செட் பெல்ட்டும் குவாலிஸ் பெல்ட்டும்

தஞ்சாவூர்ப் பக்கம் பெல்ட் என்றதும் நினைவுக்கு வருவது பம்ப்செட்தான். வரப்போரத்து டீசல் இஞ்சினிலிருந்து பம்புக்கு ஓடும் பட்டை அறுந்தால் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. அதன் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டை உள்ளே பெரும்பாலும் பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. வாடகைக்கு ஓடிய அம்பாசடரின் பெட்ரோல் இஞ்சினில் அந்த வேலையைச் செய்தது செயின். தேய்ந்தால் சத்தம் போட்டே காட்டிக்கொடுக்கும்.

அந்த இடத்துக்கு ரப்பர் பெல்ட் வந்தது ஜெர்மனியில். 1962-ல் தயாரிப்புக்கு வந்த கிளாஸ் 1004 என்ற சின்னக் கார், பல் வைத்த பெல்ட்டால் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றியது. சத்தம் குறைவு, ஆயில் வேண்டாம், செலவும் குறைவு. மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1984-ல் வந்த மாருதி வேனிலும் (பிறகு ஆம்னி) பெல்ட்தான்.

2000-ல் டொயோட்டா குவாலிஸ் வந்தது. கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்கள், நாகூர், வேளாங்கண்ணி என்று குடும்பமாகப் போகிறவர்களுக்குத் தோதான வண்டி. ஆனால் அது 2.4 லிட்டர் டீசல். டீசலில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் 22 மடங்கு அழுத்திய சூட்டிலேயே எரிய வேண்டும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே இடமே இருக்காது. ஓடும்போது டைமிங் பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வில் போய் முட்டும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் அடிவாங்கும். ஹெட்டைக் கழற்றாமல் தீராது. செயினைப் போல முன்கூட்டியே சத்தமும் வராது.

1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பெல்ட் இது. டூரிஸ்ட் வண்டிக்கு அது இரண்டு மூன்று வருட ஓட்டம். 2005-ல் குவாலிஸ் நின்றுபோனது. இன்றும் ஓடுபவை இருபது வயதைத் தாண்டியவை, பல கை மாறியவை. வாங்குகிறவர் டயரைப் பார்ப்பார், ஏசியைப் போட்டுப் பார்ப்பார். பெல்ட் மாற்றிய பில்லை யார் கேட்கிறார்கள்? மீட்டரையும் நம்ப முடியாது. ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பர் வயதாகி வெடிக்கும், ஆயில் சீல் கசிந்து பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்த இன்னோவா டீசலிலும் பெல்ட்தான். 2016-ல் வந்த கிறிஸ்டா டீசலில்தான் டொயோட்டா செயினுக்கு மாறியது.