கடன் பாதுகாப்புக் காப்புறுதி மீட்பு

கடன் வாங்கியவர் நோயில் விழுந்தாலோ, விபத்தில் சிக்கினாலோ, வேலையை இழந்தாலோ அவருடைய மாதத் தவணையைக் குறித்த காலத்துக்குக் கட்டிக்கொடுக்கும் காப்புறுதி, கடன் பாதுகாப்புக் காப்புறுதி எனப்படும். பிரித்தானியாவில் 'பி.பி.ஐ.' என்றால் எல்லோருக்கும் விளங்கும். 1990க்கும் 2010க்கும் இடையில் அங்கே ஏறத்தாழ 64 மில்லியன் பத்திரங்கள் விற்கப்பட்டன. அவற்றில் பெருந்தொகையானவை வாங்கியவருக்குப் பயன்படாதவை. சில, அவருக்குத் தெரியாமலே கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்பட்டவை. அந்தப் பணத்தை மக்கள் வங்கிகளிடமிருந்து திரும்பப் பெற்ற நிகழ்வே மீட்பு. 2011 தொடக்கம் 2019 முடியும் வரை 38.3 பில்லியன் பவுண் திரும்பியது. யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து போய் லண்டனில் கடை நடத்தியவர்கள், பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை பார்த்தவர்கள் போன்றோரின் நிலைமைக்கு இந்தக் காப்புறுதி சற்றும் பொருந்தாதது. ஆகவே புலம்பெயர்ந்த தீவகத்தாரின் பொருளாதார வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு.

தோற்றம்

இவ்வகைக் காப்புறுதி நல்ல நோக்கத்தோடு பிறந்தது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஆதர் மொறிஸ் என்ற வழக்கறிஞர் 1910இல் கூலித் தொழிலாளருக்குக் கடன் கொடுக்கும் வங்கியொன்றைத் தொடங்கினார். அடமானம் வைக்க எதுவும் இல்லாதவர்களுக்கு, இரண்டு பேர் பிணை நின்றால் கடன் கிடைத்தது. கடனாளி இறந்துபோனால் அந்தச் சுமை பிணை நின்றவர்கள் மேல் விழுந்தது. அதைத் தீர்க்க 1917இல் மொறிஸ் ஒரு காப்புறுதிச் சங்கம் அமைத்தார். கடனாளி இறந்தால் மீதிக் கடனைச் சங்கம் கட்டியது, பிணைகாரர் தப்பினார்.

இரண்டு பிணைகாரரைத் தேடி அலைவது ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்த எவருக்கும் பழக்கப்பட்ட விஷயம். அரச உத்தியோகம் பார்க்கும் உறவினர் ஒருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நெடுந்தீவுக் கடலுக்குப் போன தொழிலாளி திரும்பி வராவிட்டால், அவரது கடனைக் கட்டி முடிக்கும் ஒரு பத்திரம் அவர் மனைவியையும் பிணை நின்ற இருவரையும் காக்கும். காப்புறுதி என்ற ஏற்பாட்டில் குற்றம் இல்லை. குற்றம் முழுவதும் அது யாருக்கு, எப்படி, என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதில்தான் இருந்தது.

பிரித்தானிய விற்பனை

பிரித்தானியாவில் 1990களில் கடன் பெருகியபோது, கடனின் வட்டியைவிட அதனோடு விற்கும் காப்புறுதியில் வங்கிகளுக்குக் கூடுதல் ஆதாயம் கிடைக்கத் தொடங்கியது. கிளை ஊழியர்களுக்கு விற்பனை இலக்கு வைக்கப்பட்டது; எட்டினால் ஊக்கத்தொகை. கடன் படிவத்தில் காப்புறுதிக்கான பெட்டியில் முன்கூட்டியே புள்ளடி இடப்பட்டிருந்தது. காப்புறுதி எடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்று பலருக்குச் சொல்லப்பட்டது. வேறு பலருக்கு எதுவுமே சொல்லப்படவில்லை.

மிகக் கொடியது ஒற்றைக் கட்டுப்பண முறை. ஐந்து ஆண்டுக் காப்புறுதியின் முழு விலையையும் முதல் நாளிலேயே கடனோடு கூட்டி, அதற்கும் வட்டி போடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடன் 10,000 பவுண், காப்புறுதி 2,500 பவுண், வட்டி ஆண்டுக்கு 10 வீதம், தவணை 60 மாதம். காப்புறுதி இல்லையென்றால் மாதத் தவணை 212 பவுண். அதைச் சேர்த்தால் 265 பவுணுக்கு மேல். 2,500 பவுண் என்று எழுதப்பட்ட காப்புறுதிக்கு அவர் உண்மையில் கட்டி முடிப்பது ஏறத்தாழ 3,187 பவுண். இரண்டாம் ஆண்டிலேயே கடனை அடைத்துவிட்டாலும், மீதிக் காலத்துக்கு உரிய கட்டுப்பணம் நியாயமான அளவில் திரும்பாது.

இனி அந்தப் பத்திரம் யாருக்குப் பயன்படும் என்று பார்த்தால், அதன் சிறிய எழுத்து நிபந்தனைகளில் விடை இருந்தது. முன்னரே இருந்த நோய்க்குப் பணம் இல்லை. குறுகிய கால ஒப்பந்தத்தில் வேலை செய்தவருக்கு வேலையிழப்புப் பணம் கிடைப்பது அரிது. சுயதொழில் செய்வோருக்குப் பல பத்திரங்கள், வியாபாரத்தையே முற்றாக மூடிக் கணக்கை முடித்தால்தான் வேலையிழந்ததாக ஏற்றன. வியாபாரம் படுத்தால் கடையைத் திறந்துவைத்துக்கொண்டே கடன்பட்டுச் சமாளிப்பதுதான் கடைக்காரரின் இயல்பு. அப்படிச் சமாளித்தவருக்கு ஒரு சதமும் இல்லை.

தீவகத்தார், அதிலும் புங்குடுதீவு, வேலணை, காரைநகர் மக்கள், யுத்தத்துக்கு முன்பே தென்னிலங்கை நகரங்களில் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடத்திப் பேர்பெற்ற வணிகர்கள். 1990, 1991இல் தீவுகளிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தபின் பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, சுவிஸ் என்று பரவினார்கள். ஊரில் அவர்கள் அறிந்த கடன் வேறு மாதிரி: கைமாற்று, சீட்டு, நகை அடைவு, கூட்டுறவுச் சங்கக் கடன். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். வட்டி எவ்வளவு என்று வாயால் பேசி முடிவானது. லண்டன் வங்கியில் ஆங்கிலப் படிவத்தில், காட்டிய இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. ஏமாந்தது ஆங்கிலம் அறியாதவர்கள் மட்டும் அல்ல. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மில்லியன் கணக்கானோரும் அதே வலையில் விழுந்தார்கள். எனினும் சுயதொழில், ஒப்பந்த வேலை, மொழித் தடை மூன்றும் ஒருவரிடமே சேரும்போது இந்தக் காப்புறுதி அவருக்கு முழுக்க முழுக்க வீண்.

போராட்டம்

2005 செப்ரெம்பரில் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற பொதுநல ஆலோசனை அமைப்பு, இந்தச் சந்தை முழுவதும் மக்களுக்குக் கேடு செய்கிறது என்று அரசின் நியாய வர்த்தக அலுவலகத்திடம் உயர்நிலை முறைப்பாடு ஒன்றைச் செய்தது. 2007இல் விடயம் போட்டி ஆணைக்குழுவுக்குப் போனது. 2009இல் வந்த அதன் அறிக்கையின்படி, கட்டுப்பணமாக வாங்கிய ஒவ்வொரு 100 பவுணிலும் இழப்பீடாக மக்களிடம் திரும்பியது ஏறத்தாழ 14 பவுண் மட்டுமே. கடன் கொடுக்கும் அதே மேசையில் இந்தக் காப்புறுதியை விற்பது பின்னர் தடைசெய்யப்பட்டது. ஒற்றைக் கட்டுப்பண முறையும் ஒழிந்தது.

ஏற்கெனவே விற்றவற்றை என்ன செய்வது என்பதில்தான் உண்மையான சண்டை. 2010இல் நிதிச் சேவைகள் அதிகாரசபை, பழைய முறைப்பாடுகளை வங்கிகள் நேர்மையாக ஆராய்ந்து பணத்தைத் திருப்ப வேண்டும் என்று விதி வகுத்தது. விற்ற காலத்தில் இல்லாத அளவுகோலை இப்போது பின்னோக்கிப் போடுவது நியாயமில்லை என்று பிரித்தானிய வங்கியாளர் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. 2011 ஏப்ரல் 20ஆம் திகதி வங்கிகள் தோற்றன. மே மாதத் தொடக்கத்தில் லொயிட்ஸ் வங்கி வழக்கிலிருந்து விலகி 3.2 பில்லியன் பவுண் ஒதுக்கியது. சில நாட்களில் சங்கமும் மேன்முறையீட்டைக் கைவிட்டது. அன்று 3.2 பில்லியன் என்று கணக்கிட்ட அந்த வங்கிக் குழுமத்தின் மொத்தச் செலவு முடிவில் 21 பில்லியனைத் தாண்டியது.

தோற்ற பிறகும் எல்லா வங்கிகளும் நேராக நடக்கவில்லை. நியாயமான முறைப்பாடுகளை நிராகரித்ததற்காக 2015 ஜூனில் லொயிட்ஸ் வங்கிக்கு 117 மில்லியன் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. முறைப்பாடுகளைக் கையாண்ட ஊழியர்கள், வங்கியின் விற்பனை முறை சரியாகவே இருந்தது என்ற முன்முடிவோடு கோப்புகளைப் பார்த்திருந்தார்கள். முதற் கடிதத்துக்கு 'இல்லை' என்று பதில் வந்தவுடன் எத்தனையோ குடும்பங்கள் அத்தோடு விட்டிருக்கும்.

தானே மீட்டல்

2019 ஓகஸ்ட் வரை, மீட்பதற்கு வழக்கறிஞரும் தேவைப்படவில்லை, முகவரும் தேவைப்படவில்லை. பழைய கடன் ஒப்பந்தம் அல்லது கடனட்டைக் கணக்குக் கூற்றை எடுத்து, 'பி.பி.ஐ.', 'பேமன்ட் கவர்', 'லோன் புரொடெக்ஷன்' என்ற பெயர்களில் ஏதாவது கழிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கடதாசி இல்லையென்றால் வங்கியிடமே கேட்க முடிந்தது. தன்னைப் பற்றிய பதிவுகளைக் கேட்கும் சட்ட உரிமைக்கு 2018 மே வரை 10 பவுண் கட்டணம், அதன்பின் இலவசம். பிறகு ஒரு கடிதம்: எந்த ஆண்டு, எந்தக் கடன், என்ன சொல்லி விற்றார்கள், அப்போது தன் தொழில் என்ன, நோய் இருந்ததா, வேலைத்தலத்தில் சுகவீனச் சம்பளம் இருந்ததா. இவ்வளவுதான்.

வங்கி எட்டு வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. மறுத்தால் ஆறு மாதங்களுக்குள், இத்தகைய முறைப்பாடுகளைத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்கு எழுத முடிந்தது. அங்கே கட்டணம் இல்லை. மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம். அங்கு போன முறைப்பாடுகளில் பல ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை மக்கள் பக்கமே தீர்ந்தன. வென்றவருக்குக் கட்டிய காப்புறுதிப் பணம், அதன்மேல் ஏறிய வட்டி, ஒவ்வொரு தவணையும் கட்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு 8 வீதத் தனிவட்டி என்று மூன்றும் சேர்ந்து வந்தன. அந்த 8 வீதத்தில் 20 வீதம் வருமான வரியாகப் பிடிக்கப்பட்டது. குறைந்த வருமானம் உள்ளவர்கள் 'ஆர்40' என்ற வரிப் படிவம் அனுப்பி அதையும் திரும்பப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாமலே போனது.

ஆயினும் பெருந்தொகையானோர் முகவர் நிறுவனங்கள் மூலமே போனார்கள். 'நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை' என்ற தொலைபேசி அழைப்புகள் நாடு முழுக்க ஓயாமல் ஒலித்தன. திரும்பிய பணத்தில் 25 முதல் 40 வீதம்வரை அவர்கள் எடுத்தார்கள். அதற்கு மேல் வற் வரி. மேலே சொன்ன 3,187 பவுண் திரும்பினால், 30 வீதம் கேட்ட முகவருக்கு வரியோடு 1,147 பவுண் போய்விடும். வங்கி எடுத்ததை மீட்கப் போய் முகவரிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பது இரண்டாவது இழப்பு. ஆங்கிலக் கடிதம் எழுதத் தயங்கியவரே இதற்கு இலகுவில் ஆளானார். படித்த பிள்ளையோ, கோயிலிலோ ஊர்ச் சங்கத்திலோ பழகிய ஒருவரோ ஒரு மாலை உட்கார்ந்திருந்தால் மிச்சமாகியிருக்க வேண்டிய பணம் அது. 2018 ஜூலையிலிருந்து முகவர் கட்டணத்துக்கு 20 வீதம் (வரி தனி) என்று உச்சவரம்பு வந்தது. அதற்குள் பெரும்பகுதிப் பணம் கைமாறிவிட்டது.

பிளெவின் தீர்ப்பும் காலக்கெடுவும்

2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய பிளெவின் எதிர் பராகன் தீர்ப்பு புதிய கதவொன்றைத் திறந்தது. 2006இல் 34,000 பவுண் கடன் பெற்ற பிளெவின் என்ற கல்லூரி விரிவுரையாளரின் கடனில் 5,780 பவுண் காப்புறுதி சேர்க்கப்பட்டது. அதில் 71.8 வீதம் தரகு. அதை அவருக்குச் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய தரகை மறைத்ததே கடன் உறவை நியாயமற்றதாக்குகிறது என்று நீதிமன்றம் கண்டது. இதனால், விற்பனை வேறு வகையில் ஒழுங்காக நடந்திருந்தாலும், 50 வீதத்துக்கு மேற்பட்ட தரகைத் திருப்பிக் கேட்க முடிந்தது.

முறைப்பாட்டுக்கு இறுதி நாள் 2019 ஓகஸ்ட் 29. நிதிச் சேவைகள் அதிகாரசபைக்குப் பின் வந்த நிதி நடத்தை அதிகாரசபை, நடிகர் ஆர்னோல்ட் சுவார்செனேகரின் இயந்திரத் தலையை வைத்து விளம்பரம் செய்தே அதை மக்களிடம் கொண்டுபோனது. அந்த நாளுக்குப் பின் நீதிமன்றம் ஒன்றே வழி. மறைக்கப்பட்ட தரகு தொடர்பான வழக்குகளில், உண்மை தெரியவரும் வரை காலவரையறை ஓடாது என்பதற்கு 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய கனடா ஸ்குவேர் தீர்ப்பு துணை நின்றது. இதே மறைமுகத் தரகுப் பிரச்சினை பின்னர் வாகனக் கடனிலும் எழுந்தது. 2007 ஏப்ரல் முதல் 2024 நவம்பர் தொடக்கம் வரையான ஒப்பந்தங்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை அதிகாரசபை 2025 ஒக்டோபரில் முன்மொழிந்தது. முகவர் தேவையில்லை என்றும் அதுவே சொன்னது.

இலங்கையில்

இலங்கையில் பிரித்தானியாவைப் போலத் திரளான மீட்பு நடக்கவில்லை. ஆனால் கடனோடு காப்புறுதியும் சேர்ந்துவரும் வழக்கம் இங்கும் உண்டு. வீட்டுக்கடனுக்குக் கடனாளியின் உயிரைக் காப்புறுதி செய்து, கடன் குறையக் குறையக் காப்பும் குறையும் பத்திரம் எடுக்கச் சொல்வது வங்கிகளின் பொது நடைமுறை. அதன் கட்டுப்பணம் பெரும்பாலும் ஒரேயடியாக வாங்கப்படுகிறது. கடனை முன்கூட்டியே அடைப்பவர், மீதிக் காலத்துக்கு எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் கொடுப்பார்கள் என்று இருந்துவிடக் கூடாது.

முறைப்பாட்டு வழிகளும் உள்ளன. நிதி ஒம்புட்ஸ்மன் 2003இலும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் 2005இலும் ஏற்படுத்தப்பட்டன. மத்திய வங்கி 2011இல் வங்கி வாடிக்கையாளர் சாசனத்தைக் கட்டாயமாக்கியது. 2020இல் நிதி வாடிக்கையாளர்களுக்கெனத் தனித் திணைக்களம் அமைத்தது. 2023 ஓகஸ்ட்டில் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. நயினாதீவிலோ நெடுந்தீவிலோ இருப்பவர் ஒரு கடதாசிக்காகக் குறிகட்டுவானுக்குப் படகு ஏறி, பிறகு யாழ்ப்பாணம் வரை பஸ்ஸில் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் முதல் முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் கிளை முகாமையாளருக்கு அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் பத்திரப்படுத்துவது நல்லது. வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம். கடன் ஒப்பந்தத்தையும் காப்புறுதி நிபந்தனைகளையும் கையெழுத்து வைக்கும் முன்பே தமிழில் கேட்டு வாங்கி, காப்புறுதிக்கு எவ்வளவு கழிகிறது என்ற வரியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.